வைகைக் கரையில் பன்னிரண்டு பேர்



"என்ன சார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரையில் கூட்டமாகப் போகிறீர்களாமே?" என்று பலர் போனில் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பரமக்குடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், வைகைக் கரையோரம் நடக்கிறோம். பெருமாள் கோயில் பக்கம் ஆரம்பித்து, பாலம் ஏறி எமனேஸ்வரம் போய்த் திரும்புவோம். முழங்கால் வலிக்காரரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் ஆரம்பித்தது அதற்காகத்தான். ஆனால் இப்போது நடக்கும்போது பேசுவதெல்லாம் ஆற்றைப் பற்றித்தான்.

வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ஏறக்குறைய 258 கிலோமீட்டர் ஓடி வரும் வைகை, பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதில்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் முடிந்துவிடும். பாற்கடலில் ஆலகால விஷம் பிறந்ததால், சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேர மாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாகப் புலவர்கள் காரணம் சொன்னார்கள். வகுப்பில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? உண்மைக் காரணம் நம் முன்னோர்களின் உழைப்பு. வழிநெடுகக் கால்வாய் வெட்டி, கண்மாய் கண்மாயாக நிரப்பி, ஒரு சொட்டும் வீணாகாமல் பார்த்துக்கொண்டார்கள். கடலுக்குப் போக மிச்சம் இருந்தால்தானே போகும்!

பெருவெள்ளம் வந்தால் மட்டும் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையில் கலக்கும். அங்கேதான் அழகன்குளம் இருக்கிறது. 1980-கள் முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ரோமானியக் காசுகளும், மது கொண்டுவந்த ஜாடிகளின் உடைசல்களும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு நாட்டுச் சரக்கு வந்து இறங்கிய துறைமுகம் நம் ஆற்றின் வாயில்.

பிறகு 2013-14-இல் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் மத்தியத் தொல்லியல் துறையினர் தேனியிலிருந்து இராமநாதபுரம் வரை வைகையின் இரு கரைகளையும் ஆராய்ந்தார்கள். 293 இடங்களில் பழைய தடயங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுதான் கீழடி. ஆற்றங்கரையில் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னொரு நடையும் உண்டு. இது நம் சீமையின் கதை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமநாதபுரத்தை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதியிடம் பிரதானியாக இருந்தவர் முத்திருளப்ப பிள்ளை. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றுத் தண்ணீரை மலையைத் தாண்டி வைகைக்குத் திருப்ப முடியுமா என்று யோசித்தவர் அவர். விவரம் தெரிந்த பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். முடியும் என்று அவர்கள் வந்து சொன்னார்கள். ஆனால் அதற்கான பணம் இல்லை. 1795-இல் சேதுபதியைக் கம்பெனிக்காரர்கள் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்தார்கள். அவர் 1809-இல் சிறையிலேயே இறந்தார்.

1808-இல் அந்த யோசனையை ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி, ஆகாத காரியம் என்று ஒதுக்கிவிட்டார். தாது வருஷப் பஞ்சம் வந்து மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் ஆங்கில அரசுக்கு உறைத்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் ஆகி, பென்னிகுயிக் முன்நின்று கட்டி, 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டது. பென்னிகுயிக்கைக் கொண்டாடுவது நியாயம்தான். ஆனால் அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தாகத்தில் தவித்த இராமநாதபுரத்துக்காரர் ஒருவர் அதை யோசித்தார். அவர் பெயர் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. மலையைக் குடைந்து வந்த தண்ணீரும் முதலில் பாய்ந்தது கம்பம், மதுரை, மேலூர் வயல்களில். ஆற்றின் கடைசியில் இருக்கும் நாம் இன்றும் வைகை அணையில் எப்போது திறப்பார்கள், பார்த்திபனூர் மதகணை தாண்டி எவ்வளவு வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களோடு நடக்கும் எமனேஸ்வரத்து நெசவாளர் ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. போன மாதம் பாலத்தின் நடுவில் நின்று கீழே காட்டினார். "அதோ அந்த இடத்துலதான் சார், ஊத்துத் தோண்டி, கொட்டாங்குச்சியால மொண்டு எங்கம்மா குடத்தை நிறைப்பாங்க. கையால பறிச்சாலே தண்ணி வந்துரும். கண்ணாடி மாதிரி இருக்கும்." அவர் காட்டிய இடத்தில் இப்போது சீமைக் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. அதனடியில் ஊர்ச் சாக்கடை தேங்கி நிற்கிறது. கூட வந்த அவர் பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயா தாத்தா தண்ணி குடிச்சீங்க?" என்று முகம் சுளித்தான்.

எனக்கு அந்தக் கேள்வி மறக்கவில்லை. அவன்மேல் தப்பே இல்லை. அவனுக்குத் தெரிந்த வைகை இவ்வளவுதான். சித்திரையில் அழகர் இறங்கும் நாளில் மட்டும் அது அவனுக்கு ஆறு. மற்ற நாளெல்லாம் குப்பை மேடு. மணலில் ஊற்று தோண்டிக் குடித்தவர்கள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருப்போமா? நாங்களும் போய்விட்டால், இது இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆற்றை மீட்க வேண்டும் என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்களோடு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். வர முடியாதவர்கள் வீட்டில் இருக்கும் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தாவிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கடைசியாக எந்த வருஷம் ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது? நீங்கள் எந்த இடத்தில் ஊற்று தோண்டினீர்கள்? கேட்டதை இங்கே எழுதுங்கள். எல்லாவற்றையும் நான் ஒரு நோட்டில் தொகுத்து வருகிறேன். நாற்பது பக்கம் பழைய நோட்டுதான். பாதி நிறைந்துவிட்டது.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்