ஹார்மோன்: சொல்லும் பொருளும்

‘ஹார்மோன்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கம். தூண்டுவது, கிளப்பிவிடுவது என்று பொருள். சொல்லுக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே பொருள் கிடைத்துவிட்டது. 1902 ஜனவரியில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும், மயக்கிய நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அதற்குள் அமிலம் விட்டனர். கணையம் வழக்கம்போலச் சுரந்தது. கணையச் சுரப்பை நரம்புகளே நடத்துகின்றன என்பது பாவ்லவின் ஆய்வுக்கூடம் ஊன்றியிருந்த கருத்து. அது இங்கே ஆட்டம் கண்டது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டிச் சிரையில் செலுத்தியபோதும் கணையம் சுரந்தது. செய்தி இரத்தத்தின் வழியே போயிருந்தது. அந்தப் பொருளுக்கு ‘செக்ரிட்டின்’ என்று பெயரிட்டனர். இவ்வகைப் பொருள்கள் அனைத்துக்குமான பெயராக ‘ஹார்மோன்’ 1905இல் ஸ்டார்லிங்கின் குரூனியன் சொற்பொழிவில் அறிமுகமானது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் கேம்பிரிட்ஜின் கிரேக்க அறிஞர் வில்லியம் வெசி என்பார்கள்.

செக்ரிட்டினுக்குப் பெயர் பொருந்தியது. ஆனால் உடலின் சமநிலைக்குத் தூண்டினால் மட்டும் போதாது, அடக்கவும் வேண்டும். எட்வர்ட் ஷேஃபர் 1913 வாக்கில் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றார். தூண்டுவது ஹார்மோன், தளர்த்துவது ‘கேலோன்’, இரண்டுக்கும் பொதுப்பெயர் ‘ஆட்டகாய்டு’ என்றார். தர்க்கம் சரிதான், ஆனால் உடல் அப்படிப் பிரிந்து நடப்பதில்லை. இன்சுலினையே பார்க்கலாம். கணையத்தின் திட்டுகளில் சுரப்பதால், தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1909இல் ழான் தெ மெயரும், 1916இல் ஷேஃபரும், பொருள் கைக்கு வருமுன்பே முன்மொழிந்தது. அது கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுவதை அடக்குகிறது. தசை குளுக்கோஸை உள்ளிழுப்பதைத் தூண்டுகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் கேலோன், வேறிடத்தில் ஹார்மோன்! சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் சுரந்து கல்லீரலின் கையிருப்பை விடுவிக்கிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராமுக்குள் நிற்பது இந்த இழுபறியால்தான். இத்தகைய சமநிலைக்கு வால்டர் கேனன் 1926இல் ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயர் வைத்தார்.

கேலோன் பொதுவழக்கில் நிலைக்கவில்லை. அடக்குபவையும் இன்று ஹார்மோன்களே. வளர்ச்சி ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் சொமாட்டோஸ்டாட்டினும் அப்படியே. தமிழில் ‘ஹார்மோன்’ பெருவழக்கு. இலங்கைப் பாடநூல்களில் ‘ஓமோன்’. ‘இயக்குநீர்’ என்ற ஆக்கமும் உண்டு. முடுக்குவது, நிறுத்துவது இரண்டும் இயக்குவதில் அடங்கும் என்பதால், கிரேக்க வேரைவிட இதுவே பொருளுக்கு நெருக்கம். ‘நீர்’ என்பது இங்கே, பித்தநீரில் போல, சுரப்பைக் குறிக்கிறது.