முந்தியவர் தோற்ற கதை

1995 மே 11. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் ஈ3 கண்காட்சியில், செப்டம்பரில் வரவிருந்த தன் சாட்டர்ன் வீடியோ கேம் கருவி அன்றே கடைகளில் கிடைக்கும் என்று செகா அறிவித்தது. விலை 399 டாலர். பின்னர் மேடையேறிய சோனியின் ஸ்டீவ் ரேஸ், பிளேஸ்டேஷனின் விலையை மட்டும் சொல்லி இறங்கினார்: 299.

சோனியை முந்துவதே செகாவின் நோக்கம். ஆனால் இவ்வணிகத்தில் லாபம் தருவது கருவியன்று, அதற்கென விற்கும் விளையாட்டுகளே. செப்டம்பரை நம்பியிருந்த பிற நிறுவனங்களின் விளையாட்டுகள் அன்று ஆயத்தமாகவில்லை. நான்கு வணிக நிறுவனங்களுக்கே சரக்கு சென்றது. விடுபட்ட கேபி டாய்ஸ் செகாவையே ஒதுக்கியது. அடுத்து வந்த டிரீம்காஸ்டும் இழந்ததை மீட்கவில்லை. 2001இல் செகா கருவித் தொழிலைக் கைவிட்டது. முந்திப் பெற்றவை நான்கு மாதங்கள். இழந்தது கூட்டாளிகளின் நம்பிக்கை.