எல்லைப்புறத்தில் ஒரு புனைபெயர்

ஆக்ரா நகருக்குச் செல்லும் நம்மவர் தாஜ்மஹாலையும் கோட்டையையும் கண்டு திரும்புவது வழக்கம். அந்நகரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை பாசறை கொண்டிருந்த நாளில், 1827ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் தேதியன்று, வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் விடைபெறாமல் மறைந்தனர். ஒருவர் ஜேம்ஸ் லூயிஸ். மற்றவர் ரிச்சர்டு பாட்டர். தப்பியோடியவர்கள் என்று இராணுவ ஏடுகளில் அவர்கள் பெயர் ஏறிற்று. அந்த ஏடுகளை மட்டும் பார்ப்பவர், ஜேம்ஸ் லூயிஸின் கதை அத்துடன் முடிந்ததென்றே எண்ணுவார்.

சில ஆண்டுகளுக்குப் பின், சிந்து நதிக்கு அப்பாலுள்ள நாடுகளில் சார்லஸ் மேஸன் என்ற பெயருடைய ஒரு யாத்திரிகர் தோன்றுகிறார். தாம் அமெரிக்க நாட்டுக் கென்டக்கி மாகாணத்தவர் என்று அவர் கூறிக்கொண்டார். காபூலுக்கு வடக்கே பெக்ராம் சமவெளியில் பல்லாயிரக்கணக்கான பழங்காசுகளைத் திரட்டினார். காபூலையும் ஜலாலாபாத்தையும் சுற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட பௌத்த ஸ்தூபங்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றில் அவர் கண்டெடுத்த, புத்தர் உருவம் பொறித்த பிமரான் பொற்பேழை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஹரப்பாவின் செங்கல் மேடுகளைப் பற்றி முதன்முதல் எழுதி அச்சிட்டவரும் அவரே. 1842இல் வெளியான அவருடைய யாத்திரை நூலில் அக்குறிப்பு உள்ளது. அலெக்சாண்டர் காலத்துச் சங்கல நகரமே அது என்று அவர் தவறாகக் கருதினார். அம்மேடுகளின் உண்மையான பழமை, 1921இல் தயாராம் சாஹனி அங்கே அகழ்வாராய்ச்சி தொடங்கிய பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

படையைவிட்டு ஓடிய லூயிஸும், பழம்பொருள் தேடிய மேஸனும் ஒருவரே என்பதில் இன்று சரித்திர ஆசிரியர்களுக்கு ஐயமில்லை. இம்முடிவு எவ்வாறு எட்டப்பட்டது? ஏடுகள் உண்மை சொல்வதும் உண்டு. பொய் சொல்வதும் உண்டு. அவற்றை எப்படி விசாரிப்பது என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

முதற் சாட்சி மேஸனே. அவர் தம்மைப் பற்றி இரண்டு வரலாறுகளை விட்டுச் சென்றார். 1830இல் பாரசீக வளைகுடாவிலுள்ள புஷயர் துறைமுகத்தை அடைந்தபோது, ஐரோப்பாவிலிருந்து தரைவழியே கிழக்கு நோக்கிப் பயணம் செய்து வந்த அமெரிக்கர் என்று அங்கிருந்த ஆங்கில அதிகாரியிடம் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த நூலிலோ, 1826ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பிக்கானீர் நாட்டைக் கடந்து பஹாவல்பூர் எல்லைக்குள் புகுந்ததாகக் கதையைத் தொடங்குகிறார். மேற்கிலிருந்து வந்தவர் கிழக்கிலிருந்து வந்தது எப்படி? பிக்கானீருக்கு முன் அவர் எங்கே இருந்தார்? இக்கேள்விகளுக்கு நூலில் விடையில்லை.

இரண்டாவது சாட்சி இராணுவ ஏடு. லூயிஸ் லண்டனில் 1800ஆம் ஆண்டு பிறந்தவர். 1821இல் கம்பெனியின் படையில் சேர்ந்து, மறு ஆண்டு கப்பலேறி வங்காளம் வந்தவர். பரத்பூர் முற்றுகையில் பணிபுரிந்தவர். அக்கோட்டை 1826 ஜனவரியில் வீழ்ந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்குப் பின்னரே அவர் ஆக்ராவிலிருந்து மறைந்தார். இத்தேதியை நூலின் தேதியோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். மேஸன் பாலைவனத்தைக் கடந்ததாகக் கூறும் பருவத்தில் லூயிஸ் இன்னும் படையில் இருந்தார். தேதியை ஓராண்டு முன்னே தள்ளிவிட்டால், ஆக்ராவில் மறைந்த சிப்பாயையும் பிக்கானீரில் தோன்றிய யாத்திரிகரையும் யாரும் இணைத்துப் பார்க்கமாட்டார்கள். படையைவிட்டு ஓடியவருக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமிருந்த காலம் அது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆயினும் தேதி முரண்பாடு ஒன்றே போதிய சான்றாகாது. ஜேம்ஸ், லூயிஸ் இரண்டும் ஆங்கிலேயரிடையே சாதாரணமாக வழங்கும் பெயர்கள். முதுமையில் நூல் எழுதுவோர் ஆண்டைத் தவறாக நினைவுகூர்வதும் உண்டு. பெயர் ஒத்திருந்தால் ஆளும் ஒருவரே என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழையோ, பெயர் வேறுபட்டால் ஆளும் வேறு என்று கொள்வதும் அவ்வளவு பிழையே.

ஆகவே மூன்றாவது சாட்சியை நாடுகிறோம். ஜோசையா ஹார்லன் என்பவர் பென்சில்வேனியாவில் பிறந்த உண்மையான அமெரிக்கர். அவர் பஹாவல்பூர்ப் பகுதியில் இவ்விருவரையும் சந்தித்து, இவர்கள் தம் நாட்டவரல்லர், கம்பெனிப் படையிலிருந்து ஓடி வந்தவர்கள் என்று உணர்ந்துகொண்டார். பின்னர், 1832இல் காபூலிலிருந்து கம்பெனிக்குச் செய்தி எழுதி வந்த கராமத் அலி, அங்கு வந்த ஒரு ஐரோப்பியரை வருணித்து எழுதினார். சாம்பல் நிறக் கண்கள், செந்தாடி, ஒட்ட வெட்டிய தலைமயிர், வெறுங்கால், பச்சைக் குல்லாய், தோளிலே பக்கீர்கள் வைத்திருக்கும் நீர்க்கலம். இத்தகைய செய்திகளெல்லாம் லூதியானாவில் கம்பெனியின் அரசியல் ஏஜெண்டாக இருந்த கிளாட் வேட் என்பவரிடம் வந்து சேர்ந்தன.

இங்கே ஒரு வேடிக்கையைக் காண்கிறோம். கட்ச் நாட்டில் ரெசிடெண்டாயிருந்த ஹென்றி பாட்டிஞ்சரின் பரிந்துரையால், பம்பாய் அரசாங்கம் மேஸனின் அகழ்வுகளுக்குப் பணம் அளித்து வந்தது. அதே கம்பெனியின் வங்காளப் படைக்கோ, அவர் பிடிபட வேண்டிய குற்றவாளி. ஒரு கை கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டவரையே மறு கை தேடிக்கொண்டிருந்தது.

மேஸன் யாரென்பதை வேட் 1834இல் மேலிடத்துக்குத் தெரிவித்தார். தண்டிக்கும்படி எழுதவில்லை, மன்னிக்கும்படியே எழுதினார். 1835இல் மன்னிப்பு வந்தது. கூடவே ஓர் உத்தியோகமும் வந்தது. மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் காபூலிலிருந்து கம்பெனிக்கு இரகசியச் செய்தி அனுப்புவதே அவ்வேலை. இம்மன்னிப்பையே நாம் முடிவான சான்றாகக் கொள்கிறோம். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்று, அதற்கு ஈடாக வேலை பார்ப்பவர் யார்? லூயிஸின் குற்றத்துக்கு வந்த மன்னிப்பை மேஸன் ஏற்றுக்கொண்டபோது, இரு பெயர்களும் ஓராளிடம் வந்து சேர்ந்தன.

எனினும் அம்மன்னிப்பு விடுதலையாக அமையவில்லை. இரகசியத்தை அறிந்தவர்களின் கைக்குள் அவர் அகப்பட்டார். விரும்பித் தேர்ந்த ஆராய்ச்சிக்கு இடையே, விரும்பாத ஒற்றுவேலையையும் சுமந்தார். 1838இல் காபூலை விட்டு வெளியேறியவர், ஆப்கானிஸ்தானத்தில் கம்பெனியார் கைக்கொண்ட கொள்கையைக் கடுமையாகக் குறை கூறினார். மறு ஆண்டு தொடங்கிய ஆப்கன் யுத்தம் 1842இல் பெருந்தோல்விக்குப் பின் முடிவுற்றது. இதற்கிடையே, 1840இல் கலாத் நகரத்தில் கலகம் மூண்டபோது தூது சொல்ல க்வெட்டா சென்ற மேஸனை, ஆங்கில அதிகாரிகளே ஒற்றர் என்று சந்தேகித்துக் காவலில் வைத்தனர். ஒரு முறை பெயரை மறைத்தவரை மறுபடி நம்புவது அரசாங்கத்துக்கு எளிதாயில்லை போலும். அவர் இங்கிலாந்து திரும்பி, 1853இல் லண்டனுக்கு அருகே காலமானார்.

அப்படியானால் புனைபெயரில் அவர் செய்த பணியை எப்படி மதிப்பது? தம் பிறப்பைப் பற்றிப் பொய் சொன்னவர் தாம் கண்டெடுத்தவற்றைப் பற்றியும் பொய் சொல்லியிருக்கலாமே என்று கேட்போர் உண்டு. இதற்குக் காசுகளே விடையளிக்கின்றன. கிரேக்க அரசர்களின் காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும் மறுபக்கம் அக்காலத்தில் எவரும் படிக்க முடியாதிருந்த கரோஷ்டி எழுத்தும் இருந்தன. மெனாண்டர் போன்ற அரசர்களின் பெயர்கள் இருபுறமும் ஒத்து வருவதை மேஸன் சுட்டிக்காட்டினார். அக்குறிப்பைத் துணைக்கொண்டே ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தைப் படிக்கத் தொடங்கினார். மேஸனுக்குரிய பெருமையை அவர் மறைக்கவுமில்லை. ஒரு முகத்தில் தெரிந்த பெயரும் மறு முகத்தில் தெரியாத பெயரும் கொண்ட காசுகளை ஒப்பிட்டுப் படித்தவர் மேஸன். அவரையும் பிற்காலத்தார் அவ்வாறே படிக்க நேர்ந்தது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. நம் பெயருக்கு முன்னே நிற்கும் தந்தை பெயரின் முதலெழுத்தை விரித்தெழுதச் சொல்லி, அதையே நம் குடும்பப் பெயராக்கிவிடும் அலுவலகங்களை நாம் அறிவோம். ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறொன்று. நாம் எவரையும் ஏமாற்றவில்லை. எனினும் நூறாண்டு கழித்து நம்மைத் தேடுபவருக்கு அந்த ஏடுகள் இரண்டு குடும்பங்களைக் காட்டும். பதிவேடு எழுதுவோர் தம் தேவைக்கு எழுதுகின்றனர். சம்பளம் கொடுக்க, வரி வாங்க, குற்றவாளியைப் பிடிக்க. பின்னால் வரும் ஆராய்ச்சியாளரை எண்ணி எவரும் எழுதுவதில்லை. ஆதலால் எந்த ஏட்டைத் திறந்தாலும், இதை யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்பது நலம்.

மேஸனின் வாழ்க்கையை முழுமையாக ஆராய்ந்து கார்டன் விட்டரிட்ஜ் எழுதிய நூல் 1986இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் காசுகளும் பேழைகளும் இன்றும் மேஸன் என்ற பெயராலேயே வழங்குகின்றன. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் கம்பெனிப் படையின் பழைய ஏடுகள் இருக்கின்றன. மேஸனின் கையெழுத்துச் சுவடிகளும் அதே நூலகத்தில் உள்ளன. உயிரோடிருந்தவரை சேர்ந்து நிற்க அஞ்சிய அவ்விரு பெயர்களும் இப்போது ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.