கணையத்துத் தீவுகள்

மருத்துவ வரலாற்றை வாசிக்கையில் வென்றோர் பெயர்களே நெஞ்சில் நிற்கின்றன. கணையத்தின் கதையையோ ஒரு தோல்வியிலிருந்து தொடங்குவதே முறை.

1893 டிசம்பர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் நீரிழிவால் இறந்துகொண்டிருந்தான். மருத்துவர் வாட்சன் வில்லியம்ஸ், அப்போதுதான் அறுக்கப்பட்ட செம்மறியாட்டின் கணையத் துண்டுகளை அவன் தோலுக்கடியில் பொருத்தினார். மூன்றாம் நாள் சிறுவன் இறந்தான்.

கணையத்தினுள் திட்டுத்திட்டாய்க் கிடக்கும் தனிவகை உயிரணுக்களை 1869இல் பெர்லின் மாணவர் லாங்கர்ஹான்ஸ் கண்டிருந்தார். அவற்றின் பணியை அவர் அறியவில்லை. காசநோயுற்று மதெய்ரா தீவில் வாழ்ந்து 1888இல் மறைந்தார். அத்திட்டுகளுக்கு ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்று பிரெஞ்சு அறிஞர் லகெஸ் பெயரிட்டதும் அதே 1893இல்தான்.

1922இல் டொராண்டோவில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. ‘தீவு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இன்சுலினின் வேர். அது உயிர்களைக் காத்தது. அழிந்த தீவுகளை மீட்கவில்லை.

2000இல் கனடாவின் எட்மண்டனில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழுவினர், இறந்தோர் கொடையளித்த கணையத்தின் தீவுகளை ஏழு நோயாளிகளின் கல்லீரலுக்குள் செலுத்தினர். எழுவரும் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டனர். ஆயினும் ஒருவரைக் குணப்படுத்த இரண்டு, மூன்று கொடையாளர்கள் தேவைப்பட்டனர். அத்தனை கணையங்களுக்கு எங்கே போவது?

விடை தேடியவர்களுள் ஹார்வர்டு அறிஞர் டக்ளஸ் மெல்டன் ஒருவர். தவளைக் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1991இல் ஆறு மாதக் கைக்குழந்தையான தம் மகனுக்கு நீரிழிவு கண்டதும் ஆய்வின் திசையையே மாற்றினார். பின்னர் மகளுக்கும் அந்நோய் வந்தது. கருவணு ஆய்வுக்கான அரசு நிதிக்கு 2001இல் அமெரிக்க அதிபர் புஷ் வரம்பு விதித்தபோது, தனியார் நிதியைக்கொண்டு தொடர்ந்தார். ஸ்டெம் செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைக் கோடிக்கணக்கில் வளர்க்கும் வழியை 2014இல் அவர் குழு வெளியிட்டது. மகனின் நோய் தெரிந்து 23 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவ்வழியில் பிறந்த சிகிச்சையின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் தேவைப்படவில்லை.

எனினும் வெற்றி முழுமையன்று. புதிய அணுக்களை உடல் அழித்துவிடாதிருக்க, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை அவர்கள் உட்கொண்டே ஆகவேண்டும். அயல் திசுவை உடல் பகையெனக் கொள்ளும் இந்தத் தடை, பிரிஸ்டல் சிறுவனின் தோலுக்கடியிலேயே காத்திருந்த தடைதான். அம்மருத்துவரின் எண்ணம் பிழையன்று; எஞ்சிய பணி பெரிது.