விடைத்தாளும் இரத்த மாதிரியும்

பள்ளிக்கூடம் எதையும் தேர்வு வைத்தே அளந்து பழகியது. எய்ட்ஸ் கல்வி வகுப்பறைக்குள் நுழைந்தபோதும் வேறெதுவும் நடந்துவிடவில்லை. 1987இல் உலக சுகாதார நிறுவனம் எய்ட்ஸுக்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பின்னான பத்தாண்டுகளில் பல நாடுகளில் நிகழ்ந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் வினாத்தாள்களாகவே இருந்தன. கொசுக்கடியால் பரவுமா, ஒரே தட்டில் உண்டால் தொற்றுமா என்று பாடத்துக்கு முன்பு ஒருமுறை கேட்பார்கள், பின்பு ஒருமுறை கேட்பார்கள். மதிப்பெண் கூடியிருந்தால் திட்டம் வெற்றி. 2001 ஜூனில் கூடிய ஐ.நா. பொதுச்சபையின் சிறப்பு அமர்வு, 2005க்குள் 15 முதல் 24 வயது வரையிலானோரில் 90 விழுக்காட்டினருக்கேனும் இதுபற்றிய தகவலும் கல்வியும் எட்ட வேண்டும் என்றது. மிகவும் பாதிக்கப்பட்ட நாடுகளில் அதே வயதினரிடையே நோய்ப்பரவல் 25 விழுக்காடு குறைய வேண்டும் என்றும் அதே பிரகடனம் சொன்னது. முன்னது நடந்தால் பின்னது தானே நடக்கும் என்ற நம்பிக்கையை இவ்விரு வரிகளுக்கும் இடையில் நாம் வாசிக்க முடிகிறது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் வேலை தான்சானியாவில் முன்னரே தொடங்கியிருந்தது. விக்டோரியா ஏரியின் தென்கரையிலுள்ள முவான்ஸா வட்டாரத்தில் 'மேமா குவா விஜானா' என்றொரு திட்டம். 'இளையோர்க்கு நல்லவை' என்பது அந்த சுவாஹிலிப் பெயரின் பொருள். இருபது கிராமப்புறப் பகுதிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பத்தில் மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். தொடக்கப் பள்ளியின் கடைசி மூன்று வகுப்புகளில் ஆசிரியர்கள் பாடம் நடத்த, மாணவர்களே நாடகம் நடித்துக் காட்டினர். சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு, இளையவர்களை முகம் சுளிக்காமல் வரவேற்கப் பயிற்சி தரப்பட்டது. 1998இல் 9,645 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். 2001-02இல் மீண்டும் சோதிக்கப்பட்டனர். இம்முறை வினாத்தாளோடு இரத்த மாதிரியும் எடுக்கப்பட்டது.

இரத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். ஒருபோதும் உடலுறவு கொண்டதில்லை என்று எழுதித் தந்த சிறுமியரில் சிலர் கருவுற்றிருந்தனர். சிலருக்குப் பால்வினைத் தொற்று இருந்தது. இதைப் பொய் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கருவுற்ற மாணவி பள்ளியைவிட்டு நீக்கப்படும் நாடு அது; அவர்கள் மீண்டும் படிக்க வரலாம் என்று அரசு அறிவித்தது 2021 நவம்பரில்தான். கேட்பவரிடம் உண்மையைச் சொல்வதால் என்ன நேரும் என்று அச்சிறுமியர் கணக்கிட்டிருந்தார்கள். அவ்வளவே. ஆனால், அவர்கள் எழுதித் தந்ததை மட்டும் நம்பி ஒரு திட்டம் வென்றதா தோற்றதா என்று எப்படித் தீர்ப்பது?

2007இல் வெளியான முடிவு இருமுகம் கொண்டது. பாடம் பெற்றவர்களின் அறிவு தெளிவாகக் கூடியிருந்தது. மனப்போக்கும் மாறியிருந்தது. சிறுவர்கள் தங்கள் நடத்தையும் மாறியதாகச் சொன்னார்கள். ஆனால் தொற்றைக் காட்டும் சோதனைகளில் சீரான பலன் எதுவும் தென்படவில்லை. காலம் போதவில்லையோ என்ற ஐயத்தில் 2007-08இல் அதே பகுதிகளுக்குத் திரும்பி, 15 முதல் 30 வயதுவரையுள்ள 13,814 பேரைச் சோதித்தனர். பள்ளியில் பெற்ற அறிவு அப்போதும் ஓரளவு எஞ்சியிருந்தது. எச்.ஐ.வி. ஆண்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 4 விழுக்காட்டினருக்கும் இருந்தது. பாடம் கேட்ட ஊர், கேட்காத ஊர் என்ற குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெண்களின் எண் ஆண்களுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இதே ஆய்வின் பகுதியாகக் கிராமங்களில் தங்கி மக்களோடு பழகியவர்கள் கண்டு எழுதியது இந்த எண்ணுக்கு உரை போன்றது: அங்கே உறவுக்கு ஈடாகப் பெண் பணமோ பொருளோ பெறுவது இயல்பான வழக்கம். சோப்புக்கும் உடைக்கும் வழியில்லாதவளிடம் 'வேண்டாம் என்று சொல்' எனக் கற்பித்த பாடம், அவள் வேண்டாமென்றபின் சோப்பு எங்கிருந்து வரும் என்பதைப் பேசவில்லை.

இத்தகைய எட்டு ஆய்வுகளை, மொத்தம் 55,157 பேரை உள்ளடக்கியவற்றை, 2016இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒருங்கே வைத்துப் பார்த்தது. பாடம் மட்டும் தொற்றையோ இளவயதுக் கருவுறுதலையோ குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் மேற்குக் கென்யாவைப் பார்க்க வேண்டும். அங்கே 328 தொடக்கப் பள்ளிகளில் எஸ்தர் துஃப்லோ, பாஸ்கலின் துப்பா, மைக்கேல் கிரெமர் ஆகிய பொருளியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பள்ளிகளில் அரசுப் பாடத்திட்டத்தை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி, சிலவற்றில் இலவசச் சீருடை, சிலவற்றில் இரண்டும், எஞ்சியவற்றில் எதுவுமில்லை. கட்டணம் நீங்கிய பின்னும் சீருடைச் செலவு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த காலம்.

அதே பள்ளிகளில் எழுபத்தொன்றில் 2004இல் துப்பா வேறொன்றும் செய்தார். எட்டாம் வகுப்பில் நாற்பது நிமிடப் பேச்சு ஒன்று. 'விலகியிரு' என்ற அறிவுரை அதில் இல்லை. பதின்ம வயதுப் பையன்களிடம் நோய் மிகக் குறைவு, பரிசு வாங்கித் தரும் முப்பது வயதுக்காரரிடம் பல மடங்கு அதிகம் என்று வயதுவாரியாகக் கணக்கு காட்டப்பட்டது. அடுத்த ஓராண்டில் அச்சிறுமியரிடையே கருவுறுதல் 28 விழுக்காடு குறைந்தது. மூத்த ஆண்களால் கருவுறுவது பெரிதும் சரிந்தது. அதை ஈடுகட்டும் அளவுக்குச் சமவயதுப் பையன்களால் கருவுறுவது கூடவில்லை. அரசுப் பாடமோ எல்லா உறவையும் ஒரே அபாயமாகக் காட்டியது. அந்தச் சிறுமி உண்மையில் நின்று தேர்ந்துகொள்ளும் இடத்தைத் தொட்டது இந்தக் கணக்குதான் என்றே நாம் கருதுகிறோம்.

ஏழாண்டு முடிவுகள் 2015இல் வெளிவந்தபோது சிக்கல் இன்னும் முறுகியது. சீருடை பெற்ற சிறுமியர் பள்ளியில் நீடித்தார்கள், கருவுறுதலும் திருமணமும் குறைந்தன, தொற்று குறையவில்லை. மணம்வரை விலகியிருக்கச் சொன்ன பாடம் தனியாக எதையும் குறைக்கவில்லை. இரண்டும் சேர்ந்த பள்ளிகளில் பால்வினைத் தொற்று குறைந்தது. ஆனால் சீருடை மட்டும் தந்த இடங்களைப் போலக் கருவுறுதல் குறையவில்லை. ஒருவரோடு நிலைத்த உறவு, போகிற போக்கிலான உறவு என்ற இரண்டுக்கும் இடையிலான தெரிவைக் கணக்கில் எடுத்தால்தான் இது விளங்கும் என்றார்கள் ஆய்வாளர்கள். கருவும் தொற்றும் ஒரே வாசல் வழியாக வருவதில்லையாம். அப்படியானால், பிறந்த குழந்தைகளை எண்ணி அளந்த அந்த நாற்பது நிமிடத்தின் வெற்றியை என்னவென்று வாசிப்பது? இரத்தம் வேறு விடை சொல்லியிருக்கவும் கூடும்.