பறங்கிமலை முதல் பெரும்பாக்கம் வரை: ஏழரை மைல் சங்கிலியின் கதை

நம் நகரில் பெரும்பாலோர் பறங்கிமலையைத் தினமும் பார்க்கிறோம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வடக்கே தெரிகிற குன்று, உச்சியில் வெள்ளைத் தேவாலயம். ஆனால் "மேலே ஏறிப் பார்த்தவர்கள் யார் யார்?" என்று சங்கப் பொங்கல் விழாவில் கேட்டபோது ஏழெட்டுக் கைகள்தான் உயர்ந்தன. அன்று பேச்சுவாக்கில் முடிவானதுதான் இந்த ஒரு நாள் சைக்கிள் பயணம். ஜனவரிக் கடைசி ஞாயிறன்று பதினோரு பேர் கிளம்பினோம். மூத்தவருக்கு வயது 68; நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளையவன் ஏழாம் வகுப்பு.

பாதையைத் தேர்ந்தெடுத்தவர் அந்த மூத்த உறுப்பினர்தான். பறங்கிமலையில் ஏறுவது, இறங்கி நேர் தெற்கே பெரும்பாக்கம் வரை மிதிப்பது, திரும்பும்போது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்ப்பது. "ஏன் சார் பெரும்பாக்கம்? ஈ.சி.ஆர். பக்கம் போனால் கடலாவது தெரியுமே" என்று சிலர் கேட்டார்கள். "1802-ல் அளந்த கோடு இது. நம்ம வீடுகளை ஒட்டித்தான் போகுது. மலைமேல ஏறுங்க, சொல்றேன்" என்றார்.

காலை ஐந்தரைக்குச் சங்க அலுவலக வாசலில் கூடினோம். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகள் வைத்திருப்பதால், முடிந்தவரை உள் தெருக்கள் வழியாகவே போனோம். மலையடிவாரத்தில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டுப் படியேறினோம். மலை 300 அடி உயரம்தான். நின்று நின்று ஏறினாலும் இருபது நிமிடம் ஆகாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கார் போகும் சாலையும் உண்டு. படிகளைக் கட்டிக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-ல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே. உச்சியில் உள்ள தேவாலயம் அதற்கும் இருநூறு ஆண்டு மூத்தது. போர்த்துகீசியர் 1523-ல் கட்டியது.

மேலே தேவாலயத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. பலர் கவனிக்காமல் போய்விடுகிற ஒரு மார்பளவுச் சிலை. வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியுடையது. நம் கோட்டின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்துப் போன படையில் லாம்ப்டன் இருந்தார். ஓர் இரவு அணிவகுப்பின்போது, படை திசை மாறி எதிரியின் பக்கமே போய்க்கொண்டிருப்பதை நட்சத்திரங்களை வைத்துக் கண்டுபிடித்துத் தளபதியிடம் சொன்னவர் என்று ஒரு சம்பவம் உண்டு. போர் முடிந்ததும் கம்பெனியின் கைக்குப் பெரிய நிலப்பரப்பு வந்து சேர்ந்தது. அதற்குச் சரியான வரைபடம் இல்லை. தீபகற்பத்தின் குறுக்கே கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோணங்களால் அளந்துவிடலாம் என்று லாம்ப்டன் திட்டம் கொடுத்தார். அதே படைப்பிரிவின் தலைவரும், பின்னாளில் வாட்டர்லூவில் வென்றவருமான ஆர்தர் வெல்லஸ்லி ஆதரித்தார். சென்னை அரசு 1800-ல் அனுமதி தந்தது. இதில் அறிவியல் ஆர்வமும் இருந்தது, ஆளப்போகும் நிலத்தை அறிந்துகொள்ளும் கணக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஏழாம் வகுப்பு மாணவன் கேட்டான்: "ஜி.பி.எஸ். இல்லாம எப்படி தாத்தா இந்தியா முழுக்க அளந்தாங்க?"

"முழுக்க அளக்க வேண்டியதில்லடா. ஒரே ஒரு கோட்டை ஒழுங்கா அளந்துட்டா போதும். மீதியெல்லாம் கோணம்தான்."

பள்ளியில் படித்ததுதான். முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டுவிடலாம். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்படையாகும். இப்படியே மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் என்று போகலாம். ஆனால் முதல் பக்கத்தை மட்டும் தரையில் கையால் அளந்தே ஆக வேண்டும். அதில் ஓர் அங்குலம் தவறினால் அந்தத் தவறு கூடவே வளர்ந்துகொண்டு போகும். அந்த முதல் பக்கத்துக்கு அடிக்கோடு என்று பெயர். பெங்களூர் அருகே 1800-ல் ஓர் அடிக்கோட்டை அளந்து பழகிய லாம்ப்டன், நல்ல கருவிகள் கைக்கு வந்த பிறகு புதிதாக ஒன்றை அளக்கத் தேர்ந்தெடுத்த இடம், பறங்கிமலைப் பக்கம் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்றுவரை தெற்கே போகும் ஏழரை மைல். இன்றைய கணக்கில் 12 கிலோமீட்டர்.

அளந்த சங்கிலியின் கதையே தனிக் கதை. ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்ற லண்டன் கருவியாளர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி அது. இரண்டரை அடி நீளத்தில் 40 கண்ணிகள். 1793-ல் சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன அறிவியல் பொருட்களில் இதுவும் ஒன்று. பேரரசருக்கு அவற்றில் அக்கறை இல்லை. குழுவில் இருந்த டின்விடி என்ற விஞ்ஞானி அதை வைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே விற்க, கடைசியில் லாம்ப்டனிடம் வந்தது. பீக்கிங்கில் வேண்டாம் என்ற பொருள் மடிப்பாக்கம் வயல்வெளியில் வேலைக்கு வந்திருக்கிறது.

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் கருவிக்கும் ஒரு பயணம் உண்டு. அரை டன் எடை. லண்டனில் வில்லியம் கேரி செய்து அனுப்பியதைச் சுமந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போர்க்காலமாக இருந்தும், அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1802 செப்டம்பரில்தான் அது சென்னை வந்தது. அதற்குள் நம் அடிக்கோட்டு வேலை முடிந்திருந்தது.

அளவை தொடங்கியது 1802 ஏப்ரல் 10. சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஃகு வெயிலில் நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் கணக்கில் விட்டுப்போனால் 12 கிலோமீட்டர் முடிவில் சுமார் 14 சென்டிமீட்டர் பிசகும். அதனால் சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. இருபது அடி நீளமுள்ள ஐந்து மரப்பெட்டிகளை முக்காலிகள் மேல் வரிசையாக, சமமாக நிறுத்தி, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். மேலே நிழல்; உள்ளே வெப்பமானிகள். ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்ட பிறகே அடுத்த நூறு அடி. தேய்மானம் தெரிவதற்காக, வேலைக்குப் பயன்படுத்தாத இன்னொரு சங்கிலியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இப்படி 400 முறை.

பெட்டிகளைத் தூக்கி, முக்காலிகளை நகர்த்தி, நிழல் பிடித்தவர்கள் யார்? இந்த ஊர் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தச் சிலையிலும் இல்லை. லாம்ப்டனுக்கு உதவியாக இருந்த இளைஞர்கள் 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கிறார்கள்; இதைச் சொல்லிவையுங்கள்.

இந்த ஏழரை மைலிலிருந்து விரிந்த முக்கோணங்கள் முதலில் மேற்குக் கடற்கரையில் மங்களூர் வரை போயின. தீபகற்பத்தின் அகலம் அதுவரை வரைபடங்களில் காட்டியதைவிட 40 மைல் குறைவு என்று தெரிந்தது. 1804-ல் பெங்களூரில் மறுபடி ஓர் அடிக்கோட்டை அளந்து, நம் கோட்டிலிருந்து போட்ட கணக்கோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் சில அங்குலங்கள்தான். தெற்கே கன்னியாகுமரி வரை போனார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த அரை டன் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தானே அதைச் சரி செய்தார். (நம் சங்கப் பொருளாளர் தஞ்சாவூர்க்காரர். "கோயிலுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.) வடக்கே போய்க்கொண்டிருந்த லாம்ப்டன் 1823 ஜனவரி 20 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள ஹிங்கன்காட்டில் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அந்தப் பெயர் எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று 1852-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி.

ஏழு மணிக்குக் கீழே இறங்கினோம். ஆதம்பாக்கம், வாணுவம்பேட்டை, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம். இந்த வரிசையை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இப்போது தலைக்கு மேலே தூண்கள் எழும்புகிற மெட்ரோ ஐந்தாம் வழித்தடத்தின் தெற்குப் பகுதி ஏறக்குறைய இதே ஊர்கள் வழியாகத்தான் போகிறது. மேடவாக்கம் தாண்டி டீ குடிக்க நின்றபோது இதைக் கவனித்துச் சொன்னவன் அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான்.

பயணம் முழுவதும் என் சைக்கிளில் கியர் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "அதனாலதான் சார் இந்த இடத்தை எடுத்தாங்க" என்றார் நில அளவைக்காரர். அடிக்கோட்டுக்குச் சமதரை வேண்டும், குறுக்கே மறைப்பு கூடாது. பறங்கிமலைக்குத் தெற்கே நீண்டு கிடந்த இந்த வெளி அதற்கு வாகாக இருந்தது. கிழக்கே சதுப்பு நிலம், மேற்கே நன்மங்கலம் காடு. சொல்லிவிட்டு அவர் சேர்த்தது: "சமதரைன்னா தண்ணிக்கும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது."

2015 டிசம்பரில் நம் முதல் மூன்று தெருக்களில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மறுபடி. இங்கே பெய்கிற மழைக்கு இயற்கையாக உள்ள வழி ஏரிக்கு ஏரி வழிந்து போவதுதான்: கீழ்க்கட்டளை ஏரியிலிருந்து நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு. சரிவு மிகக் குறைவு என்பதால் நடுவில் ஓர் இடத்தில் வாய்க்கால் குறுகினாலும் தண்ணீர் அப்படியே நின்றுவிடும்.

பெரும்பாக்கத்தில் குன்று தெரியும் இடத்தில் சைக்கிளை நிறுத்தினோம். ஏறவில்லை. சாலையோரம் நின்று வடக்கே திரும்பிப் பார்த்தோம். லாம்ப்டனின் ஆட்களுக்குப் பறங்கிமலை இங்கிருந்து நேராகத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அடுக்குமாடிக் கட்டடங்களும் ஒரு கிரேனும்தான் தெரிந்தன. பையனுக்கு ஏமாற்றம். வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்ததும் சரியாகிவிட்டது.

திரும்பும் வழியில் வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணை வந்து, 200 அடி சாலையில் உள்ள வனத்துறைப் பூங்காவுக்குப் போனோம். சதுப்பு நிலத்தை ஒட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள். சைக்கிளை வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்தச் சதுப்பின் பரப்பு இப்போது சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப் போலப் பல மடங்கு இருந்தது. தை மாதம் என்பதால் தண்ணீர் நிறைய இருந்தது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன, தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு வீடு.

இனி சங்க வேலை. நம் நான்காவது தெரு முனையில் ஓடும் வாய்க்காலின் அகலம் இன்று ஒன்பது அடி. பயணத்துக்கு மறுநாள் நம் மூத்த உறுப்பினர், தன் மனையின் தாய்ப் பத்திரத்தோடு வைத்திருந்த பழைய எஃப்.எம்.பி. படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதில் அதே வாய்க்கால் 50 லிங்க்ஸ் அகலம். ஒரு லிங்க் 7.92 அங்குலம், ஐம்பது லிங்க்ஸ் என்றால் 33 அடி. (அந்தப் படம் லாம்ப்டன் அளவையில் வந்ததல்ல, வருவாய்த் துறையின் வேறு அளவை, வேறு சங்கிலி.) மீதி 24 அடி எங்கே போனது என்று யாரையும் குற்றம் சொல்ல இப்போது நம்மிடம் ஆதாரம் இல்லை. ஒரு படம் போதாது என்கிறார் அவர். பக்கத்து சர்வே எண்களின் படங்களும் சேர்ந்தால்தான் மனுவில் பலம் இருக்கும்.

எனவே 1990-க்கு முன் மனை வாங்கியவர்கள் தங்கள் பத்திரக் கட்டில் பழைய படம் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். அசல் வேண்டாம், நகல் போதும். ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மனு கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அடுத்த சவாரி நன்மங்கலம் பக்கம். தேதி அறிவிப்புப் பலகையில் வரும். தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், டயரில் காற்று மூன்றையும் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். போன முறை இரண்டு பேருக்கு வாணுவம்பேட்டையிலேயே பஞ்சர்.