ஆங்கில இளங்கலைப் பட்டம்: விதிமுறை கேட்பதும் கேட்காததும்

தமிழ்நாட்டில் பி.ஏ. ஆங்கில இலக்கியப் பட்டம் பெற ஆறு பருவங்களில் 140 கிரெடிட் சேர்க்க வேண்டும். 2008-09இல் அரசுப் பல்கலைக்கழகங்கள் விருப்பத் தெரிவு முறைக்கு மாறியபோது வந்த கட்டமைப்பு இது. பாடத்திட்டங்கள் பலமுறை திருத்தப்பட்ட பின்னும் இதன் அடிப்படை பெரிதாக மாறவில்லை. பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டில் பொது ஆங்கிலம். மூன்றில் முதன்மைப்பாடங்களும் துணைப்பாடங்களும். மற்ற இரண்டில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, நாட்டு நலப்பணி போன்றவை. அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75, தேர்ச்சிக்கு 40 விழுக்காடு. இவை அனைத்தும் மாணவர் எத்தனை தாள்களை முடித்தார் என்பதற்கே கணக்கு வைக்கின்றன. இலக்கியம் படித்த ஒருவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை எந்த விதியும் கேட்பதில்லை. தமிழகத்தில் அக்கேள்விக்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. விளக்கக் குறிப்புகளோடு கூடிய ஒரு மொழிபெயர்ப்பைச் செய்து முடிப்பது ஒவ்வொரு மாணவருக்கும் கட்டாயமாக வேண்டும்.

இப்போதைய தேர்வு எதை அளக்கிறது என்று பார்க்க ஒரு வினாத்தாளே போதும். பல இடங்களில் வழக்கிலுள்ள அமைப்பில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று. ஷேக்ஸ்பியர் தாளில் டங்கன் யார், பாங்க்வோவின் மகன் பெயர் என்ன என்பது போன்ற வினாக்களிலேயே 20 மதிப்பெண் வந்துவிடும். நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்த இரண்டு ஐந்து மதிப்பெண் விடைகள் சேர்ந்தால் 30, தேர்ச்சி உறுதி. ‘மேக்பெத்’ நாடகத்தைத் திறந்தே பார்க்காமல் அதில் தேறிவிடலாம். இதற்கு மாணவரைக் குறை சொல்வது நியாயமில்லை. நோட்ஸில் இருப்பதையே வினாத்தாள் கேட்கிறது. அவர்களும் நோட்ஸையே படிக்கிறார்கள்.

ஆங்கிலத் துறைகளில் பட்ட நிபந்தனை குறித்து நடந்த பெரிய விவாதங்கள் பெரும்பாலும் பட்டியலைப் பற்றியவை. சாஸர், ஸ்பென்சர், டன், மில்டன் என்று தொடரும் கவிஞர் வரிசையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் ஆங்கில மாணவர்களுக்கு நெடுங்காலம் கட்டாயமாக வைத்திருந்தது. 2016இல் மாணவர்கள் அதை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். மறு ஆண்டே அமெரிக்க இலக்கியத்துக்கும் உலக ஆங்கில இலக்கியத்துக்கும் இடம் தரும்படி நிபந்தனை திருத்தப்பட்டது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஹானர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் சிறுகதையோடு தமிழ் தலித் எழுத்தாளர்களான பாமாவின், சுகிர்தராணியின் படைப்புகளையும் நீக்கியது. அது தவறான முடிவு. துறையின் ஆசிரியர்கள் எதிர்த்ததும் சரியே. யார் படிக்கப்பட வேண்டும் என்பது அரசியல் கேள்வி, அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனாலும் பட்டியலில் பாமா இடம்பெற்ற பிறகு அவரையும் இரண்டு மதிப்பெண் வினாவாக்கிவிட்டால் அந்த வெற்றி பாதிதான்.

கேம்பிரிட்ஜ் வேறொரு வழியைக் காட்டியது. அங்கே ஆங்கிலத்துக்குத் தனித் தேர்வு வந்தது 1917இல். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் வகுப்பில் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, மாணவர்கள் எழுதியதை ஆராய்ந்து, 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ நூலாக்கினார். அந்த வாசிப்பு முறை பின்னர் அங்கே கட்டாயத் தாளாகவே நிலைத்தது. முன்பின் பாராத ஒரு பக்கத்தை வாசிக்கும் திறனையே அங்கே நிபந்தனையாக வைத்தார்கள். அப்படியே அதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. நம் மாணவரிடம் கேம்பிரிட்ஜ் மாணவருக்கு வாய்க்காத ஒன்று இருக்கிறது. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கொண்ட மற்றொரு மொழியும் அவருக்குக் கைவந்தது.

அந்தச் செல்வத்தைப் பாடத்திட்டம் தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறது. தமிழாசிரியர் குறுந்தொகை நடத்திவிட்டுப் போகிறார்; அடுத்த மணியில் ஆங்கில ஆசிரியர் வேர்ட்ஸ்வொர்த்தைத் தொடங்குகிறார். குறுந்தொகைப் பாடல்களை ஏ. கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் தந்த ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ 1967இலேயே வெளிவந்துவிட்டது. மூலத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க எந்தத் தாளிலும் கட்டாயம் இல்லை. நம் கல்வி வரலாறு இப்படித் தொடங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளைதான் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) கலித்தொகையையும் (1887) பதிப்பித்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளை 1904இல் தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய நண்பர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் ஆங்கில ‘சானெட்’ வடிவப் பதினான்கடிச் செய்யுளைத் தமிழில் எழுதிப் பார்த்தார். இரு மொழிகளும் ஒரே மேசையில் இருந்ததால் விளைந்தவை இவை.

மொழிபெயர்ப்புத் தாள் ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்வார்கள். பல கல்லூரிகளில் விருப்பப்பாடமாக இருப்பது உண்மைதான். நைடா, கேட்ஃபோர்டு ஆகியோரின் கொள்கைகளை வரையறுத்து எழுதச் சொல்வதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நான் கேட்பது செய்துகாட்டும் வேலை. ‘மேக்பெத்’தில் கணவனும் மனைவியும் பேசும் காட்சி ஒன்றைத் தமிழாக்கச் சொல்லுங்கள். முதல் வரியிலேயே அவள் அவனை ‘நீ’ என்பாளா, ‘நீங்கள்’ என்பாளா என்று மாணவர் முடிவுசெய்தாக வேண்டும். கொலைக்கு முன்னும் பின்னும் அது ஒன்றாகவே இருக்குமா? யார் கை ஓங்கியிருக்கிறது, எந்த இடத்தில் அது மாறுகிறது என்று நாடகத்தை முழுதும் படிக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. எந்த நோட்ஸிலும் இந்த விடை இல்லை. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து ஆங்கில வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவர், இந்த இடத்தில் நகரத்துப் பள்ளி மாணவரைவிட நுட்பமாகப் பேசக்கூடும். அவருடைய தமிழ் முதன்முறையாக ஆங்கிலத் துறைக்குள் தகுதியாகக் கணக்கில் வரும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 கட்டமைப்பு மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160 என்று வகுத்து, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றவர்களே நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதலாம் என்கிறது. சொந்தமாக வாசித்து எழுதுவதை மேலே தேறியவர்களுக்கான பரிசாக வைப்பதை ஏற்க முடியவில்லை. நாற்பது விழுக்காட்டில் தேறுபவருக்குத்தான் அந்தப் பயிற்சி இன்னும் தேவை.

நடைமுறையில், ஆறாம் பருவத்து விருப்பப்பாடம் ஒன்றின் இடத்தில் இதை வைக்கலாம். பத்துப் பக்க மொழிபெயர்ப்பு, ஒவ்வொரு தெரிவுக்கும் காரணம் சொல்லும் குறிப்புகள், இறுதியில் வாய்மொழித் தேர்வு. கணினி மொழிபெயர்த்துத் தந்துவிடுமே என்ற கவலைக்கு வாய்மொழித் தேர்வே மருந்து. கணினி தந்த வடிவத்தையே கையில் கொடுத்து எங்கெங்கே தவறு, ஏன் என்று கேட்கவும் செய்யலாம். பகுதி ஒன்றில் பிரெஞ்சோ இந்தியோ எடுத்தவர்கள் அந்த மொழியிலிருந்து செய்யட்டும். உண்மையான தடை ஆசிரியர் பளு. அறுபது பேர் வகுப்பில் அறுபது மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. அதைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிட்டு, தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் சேர்ந்து மதிப்பிடும்படி விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இரு துறைகளும் ஒரு மாணவரின் தாளை ஒன்றாக வாசிப்பதற்குப் புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை. பாடக்குழு ஒருமுறை கூடித் தீர்மானித்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.